திரும்பாத பீரங்கி

போர்க்கருவி ஒன்றை ஆராய்பவர் அதன் எடையையும் வேகத்தையும் மட்டும் அறிந்து அமைந்துவிடுதல் போதாது. அதனைச் செய்வித்த அரசு எந்தப் பகைவனை எதிர்பார்த்தது, எந்த நிலத்தில் போரிட எண்ணியது, எவ்வளவு பொருளைச் செலவிட அதனால் முடிந்தது என்பனவெல்லாம் அந்தக் கருவியின் அமைப்பிலேயே பதிந்து கிடக்கும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இத்தாலி களத்துக்கு அனுப்பிய எம் 11/39 என்னும் டாங்கி இதற்குத் தக்கதொரு சான்று.

அந்த டாங்கி போர்க்களத்தை விட்டு மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் இன்றும் அதனை ஓட்டுவோர் உளர். மண்ணில் அன்று, கணினித் திரையில். 'வார் தண்டர்' என்னும் போர் விளையாட்டில் 2018ஆம் ஆண்டு இத்தாலிய டாங்கிகளும் சேர்க்கப்பட்டன. அந்த வரிசையைத் தெரிந்தெடுக்கும் இளைஞன் ஆரம்பப் படியிலேயே எம் 11/39ஐச் சந்திக்கின்றான். சந்தித்ததும் திகைக்கின்றான். மற்ற நாட்டு டாங்கிகளில் மேலேயுள்ள கோபுரம் எத்திசையும் சுழலும். அதனோடு பீரங்கியும் சுழலும். இந்த டாங்கியிலோ பீரங்கி கோபுரத்தில் இல்லை. வண்டியின் உடலிலே, முன்பக்கத்தில், வலப்புறமாக அது பொருத்தப்பட்டிருக்கின்றது. இடப்புறத்தில் பகைவன் தோன்றினால் வண்டி முழுவதையும் இடப்புறம் திருப்பியாக வேண்டும். அவ்வாறு திருப்பி முடிப்பதற்குள் பகைவனின் குண்டு வந்து சேர்ந்துவிடுகின்றது.

இப்படி ஒரு வண்டியை யார், எதற்காகச் செய்தார்கள் என்னும் கேள்வி விளையாடுபவனின் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்கு விடை சொல்ல வேண்டியது வரலாறு.

முதலில் டாங்கியின் அமைப்பைக் காண்போம். எம் என்னும் எழுத்து 'நடுத்தரம்' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. 11 என்பது தொன் கணக்கில் அதன் எடை. 39 என்பது 1939ஆம் ஆண்டைக் குறிக்கும். ஜெனோவா நகரைச் சார்ந்த அன்சால்டோ நிறுவனம் இதனை உருவாக்கியது. 105 பரிவலு கொண்ட டீசல் இயந்திரம் இதனை இயக்கிற்று. நல்ல சாலையில் மணிக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேலாக ஓடக்கூடியது. முன்புறக் கவசம் 30 மில்லிமீற்றர் தடிப்புடையது. பக்கக் கவசம் அதில் ஏறக்குறைய பாதி. உடலில் இருந்த பீரங்கி 37 மில்லிமீற்றர் வாயுடையது. இடப்பக்கம் 15 பாகை, வலப்பக்கம் 15 பாகை, அவ்வளவே அது அசையும். மேலே இருந்த சிறு கோபுரத்தில் 8 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டு மட்டுமே இருந்தன.

உள்ளே இருந்தவர் மூவர். சாரதி இடப்பக்கம் அமர்ந்தான். வலப்பக்கம் இருந்தவன் பீரங்கியை இயக்கினான். மூன்றாமவன் வண்டித் தலைவன். கோபுரத்தினுள் தனித்து நின்றவன் அவனே. சிறு துவாரங்கள் வழியாகக் களத்தைப் பார்ப்பவனும் அவன். கோபுரத்தைக் கையால் சுழற்றுபவனும் அவன். இயந்திரத் துப்பாக்கிகளைச் சுடுபவனும் அவன். சாரதிக்கும் பீரங்கியாளனுக்கும் ஆணை இடுபவனும் அவன். இத்தனைக்கும் மேலாக, வண்டிகளில் வானொலிக் கருவி இல்லாமையால், மற்ற டாங்கிகளுக்குக் கொடியசைத்துச் செய்தி சொல்ல வேண்டியவனும் அவனே. புழுதியும் புகையும் நிறைந்த களத்தில் கொடியை யார் காண்பார்?

இந்த அமைப்பின் வேர் இத்தாலியின் வடவெல்லையில் இருந்தது. முதலாம் உலகப் போரில் இத்தாலியப் படை போரிட்ட இடம் பெரும்பாலும் மலைநாடு. 1915 முதல் 1918 வரை ஆல்ப்ஸ் மலைச்சாரல்களிலும் இசொன்சோ ஆற்றங்கரையிலும் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அடுத்து வரும் போரும் அந்த மலைகளிலேயே நடைபெறும் என அந்நாட்டுப் படைத்தலைவர்கள் கருதினர். குறுகிய கணவாய்களில் பெரிய வண்டி செல்ல இயலாது; மலைப் பாலங்கள் பாரம் தாங்கமாட்டா. இருபுறமும் பாறைச் சுவர் நிற்க, பகைவன் முன்னால் அன்றி வேறெங்கிருந்து வருவான்? அவ்வாறாயின் பீரங்கி முன்னோக்கியிருந்தால் போதும். 1929இல் சோதனையாகச் செய்யப்பட்ட 9 தொன் வண்டியிலும் பீரங்கி உடலிலேயே வைக்கப்பட்டிருந்தது. எம் 11/39 அந்த எண்ணத்தின் தொடர்ச்சி எனலாம்.

இரண்டாவது காரணம் பொருள் வறுமை. இத்தாலியில் நிலக்கரி அரிது. இரும்புத் தாதும் போதியதன்று. எண்ணெயோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். டாங்கி செய்யும் தொழில் பியட், அன்சால்டோ என்னும் இரு பெருநிறுவனங்களின் கையில் அடங்கிக் கிடந்தது. போட்டியில்லாத இடத்தில் புதுமை மெல்லத்தான் நடக்கும். பிரித்தானியரிடமிருந்து 1929இல் வாங்கிய சிறு வண்டியைப் பின்பற்றி, மூன்று தொன் எடையுள்ள குட்டி டாங்கிகளை அந்நாடு பெருந்தொகையாகச் செய்தது. அவற்றில் இருவர் மட்டுமே இருக்கலாம், கோபுரமே கிடையாது, பீரங்கியும் கிடையாது. விலை மலிவு. அணிவகுப்பில் வரிசையாக ஓடும்போது பார்ப்பவர் கண்ணை நிறைக்கும். முசோலினியின் அரசுக்கு அந்தக் காட்சியும் வேண்டியிருந்தது.

1935-36இல் எதியோப்பியாவில், டாங்கியை எதிர்க்கும் கருவிகள் அருகியிருந்த மக்கள் மீது அந்தக் குட்டி டாங்கிகள் ஏவப்பட்டன. அங்கே பெற்ற வெற்றி தவறான பாடத்தைப் புகட்டிற்று. சரியான பாடம் ஸ்பெயினில் கிடைத்தது. 1936 ஒக்டோபரில் சேசெஞா என்னும் ஊரில், சோவியத் நாட்டின் டி-26 டாங்கிகள் இத்தாலியக் குட்டி டாங்கிகளை எதிர்ப்பட்டன. டி-26இன் சுழல் கோபுரத்தில் 45 மில்லிமீற்றர் பீரங்கி இருந்தது. குட்டி டாங்கியின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அதன் கவசத்தில் பட்டுத் தெறித்தன. அதன் குண்டோ குட்டி டாங்கியைத் துளைத்துச் சென்றது. 1937 மார்ச்சில் குவாதலகாரா அருகே நடந்த போரிலும் இத்தாலியப் படை பின்வாங்க நேர்ந்தது. பீரங்கியைக் கோபுரத்தில் வைத்தே ஆகவேண்டும் என்பது அறிவாளருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

விளங்கிய பின்னும் செயல் விரைந்து வரவில்லை. 1937இல் உருவான மாதிரி வண்டியில் பீரங்கி உடலிலேயே இருந்தது. அதனைத் திருத்திய வடிவில் 100 வண்டிகள் 1939இல் செய்யப்பட்டன. 47 மில்லிமீற்றர் பீரங்கியைக் கோபுரத்தில் தாங்கும் எம் 13/40 என்னும் அடுத்த டாங்கி வரைபடத்தில் உருப்பெற்று வந்தது. அது வரும்வரை இது போதும் என்று எண்ணினார்கள் போலும். தற்காலிகமாகக் கட்டிய குடிசையிலேயே மழைக்காலம் வந்து சேர்வதுண்டு. 1940 ஜூன் 10ஆம் திகதி முசோலினி போர் அறிவித்தபோது, பீரங்கியுடைய நடுத்தர டாங்கி என்று இத்தாலியிடம் இருந்தவை இந்த 100 எம் 11 வண்டிகளே.

அவற்றுள் 72 வண்டிகள் 1940 ஜூலையில் லிபியாவுக்கு அனுப்பப்பட்டன. 24 வண்டிகள் கிழக்கு ஆபிரிக்காவில் இருந்த இத்தாலியக் குடியேற்ற நாட்டுக்குச் சென்றன. மலைக் கணவாயை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட கருவியின் பெரும்பகுதி பாலைவனத்துக்குப் போயிற்று. பாலைவனத்தில் சுவர் இல்லை, கணவாய் இல்லை. தெற்கே எல்லையற்று விரிந்து கிடக்கும் மணல்வெளியில் பகைவன் எப்புறமிருந்தும் வரலாம். சுற்றி வளைத்துப் பின்புறமாகவும் வரலாம். பீரங்கி ஒரு திசையை மட்டும் நோக்கிய வண்டிக்கு இதைவிடப் பொருந்தாத நிலம் வேறில்லை.

1940 செப்டெம்பர் 13ஆம் திகதி மார்ஷல் கிராசியானியின் கீழிருந்த பத்தாவது இத்தாலியப் படை எகிப்தினுள் புகுந்தது. கடற்கரையோரமாகச் சிதி பரானி வரை சென்று அங்கே நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாய் இடவும் சாலை அமைக்கவும் அவகாசம் வேண்டும் எனக் காரணம் கூறப்பட்டது. படை முழுவதும் தனித்தனிப் பாசறைகளில் அமர்ந்தது. ஒரு பாசறைக்கும் மற்றொன்றுக்கும் இடையே பல கிலோமீற்றர் வெறுநிலம் கிடந்தது. அப்பாசறைகளுள் ஒன்று நிபேவா. அங்கு ஜெனரல் பியெத்ரோ மலெத்தி என்பாரின் படைப்பிரிவு தங்கியிருந்தது. எம் 11 டாங்கிகளும் அங்கிருந்தன.

டிசெம்பர் 9ஆம் திகதி விடியுமுன் நிபேவாவின் கிழக்குப் புறத்தில் துப்பாக்கி வெடிகள் கேட்டன. பாசறையிலிருந்தோர் கிழக்கை நோக்கி விழிப்புற்றனர். உண்மையான தாக்குதல் அங்கிருந்து வரவில்லை. பிரித்தானியப் படையின் மட்டில்டா டாங்கிகள் இரவோடிரவாக இரு பாசறைகளுக்கு இடைப்பட்ட வெளியினூடே புகுந்து, மேற்கே சென்று, பின்புறமாகத் திரும்பி நின்றன. பாசறைக்கு உணவும் நீரும் கொண்டுவரும் வண்டிகளுக்காக வடமேற்கு வாயிலில் கண்ணிவெடிகள் புதைக்கப்படாதிருந்தன. காலை ஏழு மணிக்குப் பின் அவ்வழியாகவே மட்டில்டாக்கள் வந்தன. அவற்றின் பின்னே நான்காவது இந்தியப் பிரிவைச் சேர்ந்த ஸ்கொத்லாந்தின் கமரன் படையினரும் இராஜபுத்தானத் துப்பாக்கிப் படையினரும் வந்தனர்.

அந்த வாயிலின் வெளியே எம் 11 டாங்கிகள் இருபதுக்கு மேல் நின்றுகொண்டிருந்தன. பல வண்டிகளில் ஆளே ஏறியிருக்கவில்லை. ஏறியிருந்தவர்களுக்கும் வண்டியைத் திருப்பி, இலக்கை நேர்கொண்டு, சுடுவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. சில நிமிடங்களில் அவை யாவும் அழிந்தன. திருப்பிச் சுட்டிருந்தாலும் பயன் பெரிதாக இராது. மட்டில்டாவின் முன்புறக் கவசம் 78 மில்லிமீற்றர் தடிப்புடையது. 37 மில்லிமீற்றர் குண்டு அதனைத் துளைக்கமாட்டாது. முற்பகல் முடியுமுன் நிபேவா வீழ்ந்தது. ஜெனரல் மலெத்தி போரிட்டு மாண்டார்.

கிழக்கு ஆபிரிக்காவுக்குச் சென்ற வண்டிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. 1941 ஜனவரி இறுதியில் எரித்திரியாவின் அகோர்தாத் நகரருகே, அதே நான்காவது இந்தியப் பிரிவும் ஒரு சில மட்டில்டாக்களும் அவற்றை எதிர்கொண்டன. அங்கும் எம் 11 டாங்கிகள் ஈடுகொடுக்க முடியாமல் அழிந்தன.

வட ஆபிரிக்காவில் எஞ்சியவற்றின் கதை விசித்திரமானது. கைப்பற்றிய இத்தாலிய டாங்கிகளை அவுஸ்திரேலியரின் ஆறாவது பிரிவுக் குதிரைப்படையினர் தமதாக்கிக்கொண்டனர். தம்மவரே தம்மைச் சுட்டுவிடாதிருக்கும்பொருட்டு அவற்றின் பக்கங்களில் வெண்ணிறத்தில் பெரிய கங்காரு உருவங்களை வரைந்தனர். 1941 ஜனவரி 21ஆம் திகதி தொப்ரூக் துறைமுகத்தின் மீது நடந்த தாக்குதலில், இத்தாலியில் செய்த டாங்கிகள் கங்காருக் கோலத்தோடு இத்தாலியரையே எதிர்த்துச் சென்றன. தொப்ரூக்கைக் காத்தவர்களோ நடுத்தர டாங்கிகள் சிலவற்றை மண்ணிற் புதைத்து அசையாத காவலரண்களாக வைத்திருந்தனர். ஓடுவதற்கென்று செய்த வண்டி, கடைசியில் ஓடாமல் நிற்பதற்கே பயன்பட்டது.

பீரங்கியைக் கோபுரத்திற்கு ஏற்றிய எம் 13/40 வந்ததும் நிலைமை மாறிவிட்டதா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1941 பெப்ரவரி 5 முதல் 7 வரை பேடா பொம் என்னுமிடத்தில் எம் 13 டாங்கிகள் பெருந்தொகையாகப் போரில் இறங்கின. அவற்றின் பீரங்கி பிரித்தானிய டாங்கிகளுக்குச் சளைத்ததன்று. ஆனால் வானொலி இல்லாத அவ்வண்டிகள் ஒருங்கே தாக்க இயலாமல் சிறுசிறு குழுக்களாக முன்னேறிச் சிறுசிறு குழுக்களாகவே அழிந்தன. நிபேவாவில் தொடங்கிய அப்போர் இரண்டு மாதங்களில் முடிவுற்றபோது ஏறக்குறைய 130,000 இத்தாலியப் படையினர் சிறைப்பட்டிருந்தனர்.

எனவே பீரங்கி உடலில் இருந்தமையே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. பிரான்சின் சார் பி 1 என்னும் கனரக டாங்கியிலும் 75 மில்லிமீற்றர் பீரங்கி உடலிலேயே இருந்தது. எனினும் கோபுரத்தில் 47 மில்லிமீற்றர் பீரங்கி ஒன்றும் அதற்கு உண்டு. 1942இல் பாலைவனத்தில் பிரித்தானியருக்குத் துணைநின்ற அமெரிக்க எம் 3 டாங்கியும் அவ்வாறே. உடலில் 75, கோபுரத்தில் 37. அவற்றுக்கு ஒரு திசையிற் குறை இருந்தாலும் மறுதிசையில் ஈடு இருந்தது. எம் 11/39க்கு அந்த ஈடு இல்லை.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1941இல் இத்தாலியரே எம் 13இன் அடிச்சட்டத்தில் கோபுரத்தை முற்றாக நீக்கிவிட்டு, 75 மில்லிமீற்றர் பீரங்கியை உடலில் பொருத்திச் செமொவெந்தே என்னும் தற்செலுத்துப் பீரங்கியைச் செய்தனர். போர்க்காலத்தில் இத்தாலி செய்த கவச வண்டிகளுள் மிகவும் பயன்பட்டவற்றில் அதுவும் ஒன்று. எம் 11இல் இகழப்பட்ட அமைப்பு இதில் புகழப்பட்டது ஏன்? செமொவெந்தேயின் பீரங்கி வலியது. பதுங்கி நின்று, பகைவன் வரும் வழியை அறிந்து, நேரே சுடுவதற்கென்றே அது வகுக்கப்பட்டது. செய்யவேண்டிய பணிக்கும் செய்த கருவிக்கும் அங்கே பொருத்தம் இருந்தது.

கணினியில் விளையாடும் இளைஞனும் சில ஆட்டங்களுக்குள் இதனைக் கண்டுகொள்கின்றான். எம் 11ஐ வெளியான நிலத்தில் ஓட்டினால் அழிவு திண்ணம். வீட்டுச் சுவர் ஒன்றின் ஓரமாக வண்டியின் இடப்பாதியை மறைத்து, பீரங்கியுள்ள வலப்பாதியை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருந்தால், எதிரே வரும் வண்டியை முந்திச் சுடலாம். திரும்பாத பீரங்கிக்குப் பகைவன் வரும் திசை தெரிந்திருத்தல் வேண்டும். அதுவே அதன் முதல் நிபந்தனை. நிபேவாவின் வடமேற்கு வாயிலில் நின்றவர்களுக்கு அந்த நிபந்தனை நிறைவேறவில்லை.

விளையாட்டுக்கும் களத்துக்கும் உள்ள தூரத்தையும் மறத்தலாகாது. திரையின் முன் இருப்பவன் தன் வண்டியைப் பின்னிருந்தும் மேலிருந்தும் காண்கின்றான்; நாற்புறமும் அவன் கண்ணுக்குப் புலனாகின்றது. வண்டி எரிந்தால் வேறொரு வண்டி உடனே கிடைக்கின்றது. அன்று கோபுரத்தினுள் நின்ற வண்டித் தலைவனுக்குத் தெரிந்தது ஒரு கீற்று வெளிச்சம் மாத்திரமே. வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள், இயந்திரத்தின் இரைச்சலுக்கிடையே, தன் தோழர் இருவரின் உயிரையும் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். இரண்டாவது வண்டி அவனுக்குக் கிடைக்காது. அந்த டாங்கியின் குறை அவனுக்குத் தெரியாததன்று. ஆயினும் அதில் ஏறினான். இத்தாலியப் படையின் தோல்வியைக் கண்டு நகைப்பது போர்க்காலத்தில் வழக்கமாயிருந்தது. நகைக்கத்தக்கது எதுவேனும் இருந்தால் அது அணிவகுப்பு மேடையில் இருந்தது, டாங்கியினுள் அன்று.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் அரசர்க்குரிய பகுதியில் அடுத்தடுத்து வைத்துள்ளார். மூன்றும் தனித்தனியே அறியத்தக்கன. ஆனால் ஒன்றில் தவறினால் மற்றவையும் துணைநிற்கமாட்டா. எம் 11/39இன் கதையில் மூன்றிலும் தவறு நேர்ந்தது. தன் தொழிற்சாலைகளின் வலியை அறியாது அரசு போரை அறிவித்தது. புதிய டாங்கி ஆயத்தமாகுமுன் காலம் தவறிக் களத்தில் இறங்கியது. மலைக்கென்று செய்ததை மணலுக்கு அனுப்பி இடம் தவறியது. தவறியவர்கள் உரோமாபுரியில் இருந்தார்கள்; விலை கொடுத்தவர்கள் நிபேவாவிலும் அகோர்தாத்திலும் இருந்தார்கள்.

1937இல் ஸ்பெயினிலிருந்து வந்த செய்தியைச் செவிமடுத்து, அப்போதே வரைபடத்தை மாற்றியிருந்தால், 1940இல் லிபியாவுக்குச் சென்றவர்கள் வேறு வண்டிகளில் சென்றிருக்கலாம். பீரங்கியைத் திருப்புவதற்குப் பொறியியலாளரால் முடியாமற் போகவில்லை; எம் 13 அதற்குச் சான்று. முன்னே முடிவுசெய்த போரிலிருந்து தம் எண்ணத்தைத் திருப்பிக்கொள்ளத் தலைவர்களால் உரிய காலத்தில் முடியவில்லை. அந்தக் காலதாமதத்தின் வடிவமே, வலப்புறத்தில் அசையாது நிற்கும் அந்தச் சிறு பீரங்கி.